கருட சேவையும் ஒரு பெருவிரலும்

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வந்த முதல் நோயாளி என் வலது கால் பெருவிரல். மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில், மின்விசிறிக் காற்று அந்த விரலை மிதித்துக்கொண்டு போவதாகக் கனவு கண்டு விழித்தேன். கனவு போய்விட்டது, மிதி போகவில்லை. விரலின் அடிக்கணு வீங்கிச் சிவந்து, தறியிலிருந்து அப்போதுதான் இறக்கிய பட்டுபோல மினுமினுத்தது. போர்வையின் ஓரம் பட்டபோது எனக்கே தெரியாத ஒரு ராகத்தில் கத்தினேன்.

இந்தச் செய்தி மருத்துவமனைக்குப் போனதும், பரிசோதனைக் கூடத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஷர்மிளா போன் செய்தாள். அனுதாபத்துக்குத்தான் என்று நினைத்தேன்.

"சார், புது மெஷின் வந்துக்கிது. ரத்தம் வச்சா போதும், அதுவே ரிசல்ட் அடிச்சித் துப்புது. உங்க பழைய மைக்ராஸ்கோப்ப மூட்ட கட்டிட்டோம். அத பத்தி ஒண்ணு எழுதிக் குடுங்க சார், ஹாஸ்பிடல் மலர்ல போட்டுடலாம்."

"என் காலே சரியில்லம்மா."

"கையாலதான சார் எழுதுவீங்க?"

இப்படிப்பட்ட இளைஞர்களை நம்பித்தான் நாட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

நான் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த கதையில் எழுத எதுவும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம். என்னைத் தறியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். நான் அறுத்த இழைகளை முடிபோடவே தனியாக ஒரு ஆள் வேண்டியிருந்தது. இவனைப் படிக்கவைத்தால் செலவு குறையும் என்று முடிவு செய்தார்கள். படிப்பு, பயிற்சி, சிறுநீர்க் குப்பிகளுக்கு நடுவே சில வருடங்கள், பிறகு இந்த மருத்துவமனை. என் தம்பிகள் இன்றும் நெய்கிறார்கள். நன்றாகவே நெய்கிறார்கள்.

ஆனால் இழையைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. அதற்கு வேலை கொடுத்தவர் டாக்டர் மெஹருன்னிசா.

ஆற்காட்டுக்காரர். மூட்டு வைத்தியம் அவருடைய துறை. அவர் அறையில் ஒரு முக்காலி உண்டு. நோயாளி நாற்காலியில் உட்காருவார்; டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து, அவருடைய காலைத் தன் மடியில் வாங்கிக்கொள்வார். பெரிய மனிதர்கள் பதறிக் காலை இழுத்துக்கொள்வார்கள். "இருக்கட்டும்பா, கால் என்னுது இல்ல, வலி உன்னுது இல்லன்னு நெனச்சிக்கோ" என்பார். அதன் பொருள் எனக்கு இன்றுவரை புரியவில்லை. நோயாளிகளுக்குப் புரிந்தது, காலை விட்டுவிடுவார்கள்.

சிவந்த விரலை அவர் முதலில் தொடமாட்டார். குனிந்து, சூடான பாலை ஆற்றுவதுபோல மெல்ல ஊதுவார். நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். ஊதியதற்கே முகம் சுருங்கினால் என் பக்கம் திரும்பி, "ஸ்லைடு எடுத்துனு வாங்க, ஜல்தி" என்பார்.

அடுத்து நடப்பதை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். விரலைச் சுற்றிப் பழுப்பு மருந்தால் துடைப்பார். மரத்துப்போக ஒரு குளிர்ந்த மருந்தைப் பீய்ச்சுவார். இடது கையால் விரலை நுனியில் பிடித்து, கோபித்துக்கொண்ட குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக இழுப்பார். கணுவில் துளி இடைவெளி திறக்கும். அதற்குள் மெல்லிய ஊசி பக்கவாட்டில் போகும். பெரிய மூட்டாக இருந்தால் குழாய் நிறைய நீர் வரும். பெருவிரலில் சில சமயம் எதுவுமே வராது. "வரல மேடம்" என்பேன். "வந்திருக்குது, ஊசிக்குள்ள நிக்குது பாருங்க" என்பார். ஊசிக்குள் நின்ற அந்த ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் ஊதித் தள்ளுவார். நான் மேலே சின்னக் கண்ணாடியை மூடி, காய்வதற்குள் உருப்பெருக்கிக்கு ஓடுவேன்.

அந்த உருப்பெருக்கி ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாறைத் துண்டுகளைப் பார்க்க வைத்திருந்தது. அவர்கள் கழித்துக் கட்டியதை டாக்டர் கேட்டு வாங்கிவந்தார். ஒளியை ஒரே திசையில் வடிகட்டுகிற இரண்டு தகடுகளும், நடுவில் செருக ஒரு சிவப்புத் தகடும் அதில் உண்டு. விளக்கைப் போட்டுக் கண்ணை வைத்தால் முழுக்க ராணி கலர். புடவைக் கடைக்குப் போகிற எவருக்கும் தெரியும், அது ரோஜாவும் இல்லை, அரக்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மயக்கம். அந்த ராணி கலர் உடலில், யாரோ தறி போட மறந்து சிதறவிட்ட ஜரிகைபோல, ஊசி ஊசியாய்ப் படிகங்கள். ஒரு வாட்டத்தில் கிடப்பவை மஞ்சள். குறுக்கே கிடப்பவை நீலம். மேடையைத் திருப்பினால் மஞ்சள் நீலமாகும், நீலம் மஞ்சளாகும். மயில்கழுத்துப் புடவையை வெயிலில் திருப்பிக் காட்டுவார்களே, அப்படி. சில ஊசிகளை வெள்ளை அணுக்கள் விழுங்கிவிட்டு, விழுங்கியதைத் துப்பவும் முடியாமல் திகைத்து நிற்கும்.

ரத்தத்தில் கரைந்திருக்கவேண்டிய யூரிக் அமிலம் அளவு மீறினால், உடம்பில் குளிர்ந்த மூலையைத் தேடி இப்படி ஊசியாகி உட்காரும். இதயத்திலிருந்து தூரத்தில், தரையோடு கிடக்கிற பெருவிரல் அதற்குப் பிடித்த இடம். அடுத்த அறையில் ஒரு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். நான் இங்கே ராணி கலருக்குள் மிதந்துகொண்டிருப்பேன். "என்ன, தூங்கிட்டீங்களா?" என்று டாக்டர் குரல் வரும்போதுதான் இவ்வளவு அழகு ஒருவருடைய வேதனை என்பது நினைவுக்கு வரும்.

வரதன் முதலில் வந்தது நான் ஓய்வு பெற்றதற்கு முந்தைய வருட வைகாசியில்.

சின்ன காஞ்சிபுரத்துக்காரர். அங்கிருக்கும் பெருமாளின் பெயரேதான் இவருக்கும். பெருமாள் புறப்பாட்டில் சுவாமியைத் தோளில் தூக்குகிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். அவர்களில் முன்தண்டில் வலப்பக்கம் இவர். அந்த இடம் சாதாரணமில்லை. முன்தண்டு வலது கால் எப்படி விழுகிறதோ அப்படித்தான் பின்னால் அத்தனை கால்களும் விழும். கருட வாகனத்தில் சுவாமி அசைந்து அசைந்து வருகிறார் என்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோமே, அந்த அசைவு வரதனுடைய வலது பெருவிரலில் ஆரம்பிக்கிறது.

அந்த விரல்தான் சிவந்திருந்தது. மறுநாள் காலை கருட சேவை. மனைவி கோமளா தோளில் கைபோட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். குரலில் வலி தெரியவில்லை, வெட்கம்தான் தெரிந்தது.

"வைகாசி ஆனா வந்துடுதுங்க டாக்டரம்மா. அஞ்சாறு வருஷமா இதே கூத்து. சுளுக்குன்னாங்க, உருவிவுட்டாங்க. ரத்தம் பாத்தாங்க, யூரிக் ஆசிட் சரியா இருக்குது, இது அது இல்லன்னுட்டாங்க."

"கறி, மீன்?"

"சிவ சிவா... இல்ல, பெருமாளே!"

"தண்ணி போடறதுண்டா?"

கோமளா முந்திக்கொண்டார். "மோரு கூட புளிச்சா குடிக்கமாட்டாரு இவரு."

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து காலை மடியில் வாங்கினார். ஊதினார். வரதனின் கண்ணில் நீர் நிறைந்தது. கறியும் சாராயமும் அறியாதவனுக்கு இந்த நோய் வராது என்பது ஊரில் பாதிப்பேரின் நம்பிக்கை. சிறுநீரகம் வேண்டாததை வெளியே தள்ளச் சோம்பினால் போதும், யாருக்கும் வரும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ரத்த அளவு சரியாகக்கூடக் காட்டும். டாக்டர் ஊசியை எடுத்தார். நான் ஓடினேன். ராணி கலரில் மஞ்சள் மழை.

"ஒங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துதா?" என்று டாக்டர் கேட்டார்.

"அப்பாவுக்கு. அவரும் முன்தண்டு. கால் வீங்கிச்சி, பெருமாள் போதும்னுட்டார்டானு தண்ட வுட்டுட்டாரு. அப்புறம் நடுத்தெருவுல நின்னு சேவிச்சதோட சரி." தன் விரலைக் காட்டினார். "எனக்கும் சொல்றாரோ என்னமோ."

"யாரு?"

"பெருமாள்தாங்க."

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார். வலியை அடக்க மாத்திரை, பனிக்கட்டி ஒத்தடம், காலை உயரமாக வைக்க உத்தரவு. அந்த வருடக் கருட சேவையில் வரதன் தூக்கவில்லை. வேறொருவர் முன்தண்டு பிடித்தார். சுவாமி கொஞ்சம் அவசரமாகப் போனதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வீக்கம் வடிந்த பிறகு, யூரிக் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கூட்டினார் டாக்டர். "இது வலி மாத்திர இல்லப்பா. வலி இல்லாத அன்னிக்கும் தினம் போடணும். உள்ள கல்லாட்டம் ஒக்காந்துக்கினு இருக்கறது கரையணும்." வரதன் தவறாமல் வந்தார். சித்திரையில் அளவு எடுத்தேன். இப்படி ஒரு அளவுக்கு மாலை போடலாம் என்று டாக்டரே சொன்னார்.

வைகாசி வந்தது. கொடி ஏறிய மறுநாள் வரதனும் வந்தார், கோமளாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு, அதே காலை நொண்டிக்கொண்டு.

நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, குழப்பப்பட்டும் பார்த்ததில்லை. அன்று முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் ஊதாமலே இருந்தார்.

"வுட்டுடறேங்க" என்றார் வரதன், அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல. "நீங்க ஒங்களால ஆனத பண்ணிட்டீங்க. அடுத்த வைகாசிக்கும் இப்டியே ஆச்சின்னா தண்டக் குடுத்துடறேன்னு எங்க ஆளுங்களாண்ட சொல்லிட்டேன். ஒரு தடவ சொன்னா புரிஞ்சிக்கணும். அவரும் எத்தினி தடவதான் சொல்லுவாரு?"

டாக்டர் கேட்க ஆரம்பித்தார். காலையில் என்ன, மதியம் என்ன, தண்ணீர் எவ்வளவு, தூக்கம் எவ்வளவு. நடுவே கோயில் இட்லி வந்தது. அதில் உளுந்து இருக்கிறது, அதனால்தான் கால் வீங்குகிறது என்று யாரோ சொல்லி, வரதன் அதைத் தொடுவதையே நிறுத்தியிருந்தார்.

"பிரசாதம் சாப்புடாம பெருமாளத் தூக்கறியா? நல்லா சாப்புடு. உளுந்து ஒண்ணும் பண்ணாது" என்றார் டாக்டர்.

"இப்ப விரதம்ங்க. பந்தக்கால் நட்டா அன்னிலேருந்து ஒரு வேளைதான். அதுவும் பெருமாளுக்குக் காட்டினது. வேற எதுவும் வாயில படக்கூடாது, எங்க வீட்டு வழக்கம்."

"தண்ணி?"

"தீர்த்தம்."

"அது எத்தன சொட்டுப்பா! வெயில்ல தூக்கிப் பழகறீங்க, வேர்த்துக் கொட்டுது. சரி, மாத்திர?"

வரதன் டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாத்திர எப்டிங்க? மாத்திர பெருமாளுக்குக் காட்டினது இல்லியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். வருடம் முழுக்கக் காவல் காத்துவிட்டு, திருடன் வரும் வாரத்தில் மட்டும் காவல்காரனை ஊருக்கு அனுப்புகிற ஏற்பாடு. பந்தக்கால் நட்டதும் மாத்திரை நிற்கும். தண்ணீர் குறையும். பட்டினியால் யூரிக் அமிலம் ஏறும். சரியாகக் கருட சேவைக்கு முன்னால் விரல் சிவக்கும்.

கோமளா டாக்டர் பக்கம் சாய்ந்து, வரதனுக்கும் நன்றாகக் கேட்கும்படி ரகசியம் சொன்னார். "நான் தயிர்சாதத்துல நசுக்கிப் போட்டுடறேங்க. அது பாட்டுக்கு உள்ள போயிடும்."

"அப்டிப் போட்டா எந்த எலயில ஒக்காந்து நான் சாப்புடறது?" என்றார் வரதன்.

"அவர் சொல்றது சரிம்மா" என்றார் டாக்டர். "தெரியாமக் குடுக்கற மருந்து என் கையால வராது." பிறகு வரதனிடம் திரும்பினார். "நான் நோன்பு வைக்கறவ. எனக்கும் தினம் போட ஒரு மாத்திர இருக்குது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து போட்டுக்கறேன். அது என் வழி. ஒனக்கு வழி சொல்ல நான் யாரு? ஆனா ஒண்ணு கேக்கறேன். தண்டு ஏறி ஏறித் தோள் புண்ணானா என்னா பண்ணுவீங்க?"

"எண்ண காய்ச்சித் தடவுவோம். கோயில்லயே."

"தோளுக்கு மருந்து ஆகும். கீழ இருக்கறதுக்கு ஆகாதா?"

வரதன் வலி மாத்திரையைக்கூட அன்று வாங்கிக்கொள்ளவில்லை. ஒத்தடம் மட்டும் ஒப்புக்கொண்டார். கோமளாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அந்த வருடமும் முன்தண்டில் வேறொருவர்.

விழா முடிந்து அவர் மறுபடி வந்தபோது, விட்ட மாத்திரையைச் சின்ன அளவிலிருந்து திரும்ப ஆரம்பித்தார் டாக்டர். பந்தக்கால் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் பொறுக்காமல், "கேக்கலாமே மேடம்?" என்றேன். "கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. அவரே வரட்டும்" என்றார்.

ஐப்பசியில் எனக்கு வயதாகிவிட்டதென்று முடிவு செய்து, மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். மாசியில், முதலில் சொன்ன அந்தப் பெருவிரல். நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். என் காலை டாக்டர் மடியில் வாங்கிக்கொண்டபோது எல்லாப் பெரிய மனிதர்களையும்போலப் பதறி இழுத்துக்கொண்டேன். கால் என்னுது இல்ல என்று அவர் தொடங்கியதும் விட்டுவிட்டேன். அன்றும் பொருள் புரியவில்லை. என் சொட்டை ஷர்மிளா எனக்கே காட்டினாள், மூட்டை கட்டியதைப் பிரித்து. அதே ராணி கலர், அதே மஞ்சள். என் உடம்பில் இவ்வளவு நேர்த்தியாக எதுவும் விளையும் என்று எங்கள் தறிக்காரர்கள் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

தினம் ஒரு மாத்திரை என்று சொல்லி அனுப்பினார்கள். பங்குனிவரை போட்டேன். பிறகு விரல் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற விரலுக்கு எதற்கு மாத்திரை?

இந்த வைகாசியில் கருட சேவை பார்க்கப் போனேன். பக்தி என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். வரதன் நிற்கிறாரா என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். பந்தக்கால் நட்ட பிறகு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. இந்த முறையும் விரல் சிவந்திருந்தால் அவர் தண்டைக் கொடுத்துவிட்டிருப்பார்.

பொழுது இன்னும் புலரவில்லை. கோபுர வாசலில் தலைகள். தலைகளுக்கு மேல் கற்பூரப் புகை. புகைக்கு மேல் கோபுரம் இருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்லமுடியாத ஒரு நீலம். அரைத் தூக்கத்தில் நடந்து வந்தவர்களும் விழித்தே காத்திருந்தவர்களும் ஒரே கனவுக்குள் நெருக்கியடித்து நிற்கிற மாதிரி இருந்தது. குடைகள் தெரிந்தன. வெடி போட்டார்கள். "வரதா!" என்று ஊர் முழுக்க ஒரே மூச்சில் கத்தியது. எல்லாக் கைகளும் மேலே போயின. எல்லாக் கண்களும் மேலே போயின.

நான் கீழே பார்த்தேன். வேட்டிகளுக்கும் தீவட்டி வெளிச்சத்துக்கும் நடுவே கால்கள் வந்துகொண்டிருந்தன. முன்னால், வலப்பக்கம், ஒரு பாதம் குதிகாலை ஊன்றி, விளிம்பு வழியாக உருண்டு, கடைசியில் பெருவிரலில் முழுப் பாரத்தையும் வாங்கி, ஒரு கணம் நின்று, விட்டது. மறுபடி ஊன்றியது. வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. தூசிதான். அந்தக் கணத்துக்கு மேலே கருடன் சிறகோடு அசைந்திருக்கவேண்டும். கூட்டம் "ஆ" என்றதிலிருந்து தெரிந்தது.

ஆரத்திக்காக என் எதிரிலேயே நின்றார்கள். நான் நிமிர்ந்தேன். தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே வரதனின் முகம், வேர்வையில் நாமம் கரைந்து வழிய. என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஊரே மேலே பார்க்கும்போது கீழே பார்க்கிற ஆள் நான் ஒருவன்தானே.

"பெருமாளுக்குக் காட்டிட்டே போட்டுக்கினேன் சார்" என்றார், தோளை அசைக்காமல். "பந்தக்கால் அன்னிக்கு அட்டையோட துளசி வச்சி அவர் முன்னாடி வச்சிட்டேன். தினம் சோத்தக் காட்டும்போது மாத்திரையும் காட்டிடறது. தண்ணியும் சொம்பு சொம்பா காட்டிட்டேன். டாக்டரம்மாவாண்ட சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

அவர் பார்வை கீழே இறங்கி என் வலது காலில் நின்றது. இரண்டு நாளாக அந்த விரல் லேசாகச் சிவந்திருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. செருப்பின் வாரை மட்டும் தளர்த்தி விட்டிருந்தேன்.

"மாத்திர போட்டீங்களா?"

எட்டுத் திசையிலிருந்தும் "வரதா, வரதா" என்று ஜனங்கள் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்டது அவர் ஒருவர்தான். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"போங்க சார், போய் மொதல்ல போடுங்க" என்றார். அதற்குள் சைகை வந்தது. குதிகால், விளிம்பு, பெருவிரல். கருடன் எழும்பி அசைந்து போனார்.

வீட்டுக்கு நொண்டி வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் என் மனைவி கேட்டாள்.

"தரிசனம் நல்லா ஆச்சா?"

"மொதல்ல தண்ணி குடு" என்றேன்.